கவனிக்கப்படாத பத்து ஆண்டுகள்

ஒரு விஞ்ஞானக் கட்டுரை எதனாற் கவனம் பெறுகின்றது? அது உண்மையைக் கூறுவதனால் என்று நாம் இலகுவில் விடையிறுத்துவிடுவோம். இழைக் கோட்பாட்டின் வரலாறோ வேறு விடை தருகின்றது.

1968 ஆம் ஆண்டில் கப்ரியேல் வெனிற்சியானோ என்ற இத்தாலிய இளைஞர், அணுக்கருவைப் பிணைக்கும் வலிய விசையை விளக்கும் நோக்குடன் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். துணிக்கைகளைப் புள்ளிகளாகவன்றி, அதிரும் நுண்ணிய இழைகளாகக் கொண்டால் அச்சூத்திரம் பொருள்படும் எனப் பிறர் பின்னர் கண்டனர். ஆனால் 1973 அளவில் அவ்விசையை வேறொரு கோட்பாடு செவ்வனே விளக்கிற்று. இழைகளை ஆராய்ந்தோருட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர்.

இழைக் கோட்பாட்டில் திணிவற்ற துணிக்கையொன்று வேண்டா விருந்தாளியாய் வந்து நின்றது. அதனை ஒழிக்கவே பலரும் முயன்றனர். பிரெஞ்சுக்காரரான ஜோயல் ஷேர்க்கும் அமெரிக்கரான ஜோன் சுவாட்ஸும், ஜப்பானில் தனித்து ஆராய்ந்த யோனேயாவும், 1974 இல் வேறுவிதமாகச் சிந்தித்தனர். ஈர்ப்பு விசையைக் காவும் துணிக்கை அதுவே என்றனர். அங்ஙனமாயின், ஐன்ஸ்ரைனின் ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் வழியொன்று திறந்துவிட்டது. எனினும் இதனைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலரே. ஷேர்க் 1980 இல், 33 வயதில் மறைந்தார். சுவாட்ஸ் கலிபோர்னியாவில் பேராசிரியர் பதவியின்றிப் பல்லாண்டுகள் பணியாற்றினார். மறே ஜெல்மானின் ஆதரவே அவரை அங்கு நிலைக்கச் செய்தது.

1983 இல் அல்வாரெஸ் கௌமேயும் எட்வேட் விற்றனும், உயர்பரிமாண ஈர்ப்புக் கோட்பாடுகள் பலவற்றின் சமன்பாடுகள் தம்முள்ளேயே முரண்படுவதைக் காட்டினர். இழைக் கோட்பாட்டின் முக்கிய வடிவமொன்றும் இம்முரணால் வீழும் என்றே எண்ணப்பட்டது. 1984 கோடையில், அஸ்பன் மலைநகரில், சுவாட்ஸும் லண்டனிலிருந்து வந்த மைக்கல் கிறீனும் ஒரு கணிப்பை முடித்தனர். பத்துப் பரிமாணங்களில், விசை காவும் துணிக்கை வகைகள் சரியாக 496 ஆக அமையும் சமச்சீர்மைகளில், முரண்கள் ஒன்றையொன்று முற்றாக நீக்கிவிடுகின்றன என்பதே அதன் முடிவு. தடையைச் சுட்டியவருள் ஒருவரான விற்றன் அது நீங்கியதன் பொருளை உடனே உணர்ந்தார். தாமும் எழுதத் தொடங்கினார். அதன்பின் கட்டுரைகள் வெள்ளமெனப் பெருகின. சுவாட்ஸ் 1985 இல் பேராசிரியரானார்.

அடிப்படைக் கருத்து 1974 இலேயே கூறப்பட்டதுதான். அன்று ஆய்வாளர் வேறு வெற்றிகளில் மூழ்கியிருந்தனர். 1983 இல் நலிந்த விசையைக் காவும் துணிக்கைகளும் ஐரோப்பிய ஆய்வுகூடத்திற் கண்டுபிடிக்கப்பட்டு, நிலவிய கோட்பாடு உறுதிபெற்றது. எஞ்சிய பெரும் பிரச்சினை ஈர்ப்பே. அந்நிலையில், எல்லோரும் அறிந்த தடையொன்று நீங்கியது. எல்லோரும் மதிக்கும் ஒருவர் அதனை ஏற்றார். கவனம் பிறந்தது இவ்வாறுதான்.

எனினும் கவனம் வேறு, நிரூபணம் வேறு. இழையின் நீளம் ஏறத்தாழ 10⁻³³ சதமமீற்றர் எனக் கருதப்படுகின்றது. எந்தப் பொறியும் அதனை எட்டவில்லை. 2012 இல் ஹிக்ஸ் துணிக்கையைக் கண்ட மாபெரும் மோதற்பொறியும், இக்கோட்பாட்டினர் எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துணிக்கைகளை இதுவரை காட்டவில்லை. ஆயினும் பதவிகளும் மாணவரும் பல்லாண்டுகளாக அத்திசையிலே சென்றனர்.

புறக்கணிப்பு பொய்மைக்குச் சான்றன்று. புகழ் மெய்ம்மைக்குச் சான்றன்று. நம் மாணவருக்கு இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: புறக்கணிக்கப்பட்ட ஆய்வாளனின் வாழ்வு ஒரு பெரியவரின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிருத்தல் ஆகாது. சுவாட்ஸுக்கு ஒரு ஜெல்மான் இருந்தார். அத்தகைய துணையின்றி அறிவுலகம் இழந்தோர் எத்தனை பேரோ?