விடியலுக்கு முந்தைய கால் மணி நேரம்

1965 செப்டம்பர் 17 அன்று ஜப்பானைத் தாக்கிய புயல் கடந்து சென்றதும் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. செப்டம்பர் 19 அன்று விடியலுக்கு முன், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் இடைவெளியில் இருவர் தத்தம் தொலைநோக்கியோடு ஒரே திசையைத் துழாவிக்கொண்டிருந்தனர். ஒருவர் ஹமாமட்சுப் பகுதியைச் சேர்ந்த பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி, 21 வயது கவோரு இகேயா. மற்றவர் கோச்சி நகரில் கிதார் கற்பித்துவந்த சுடோமு செகி. ஹைட்ரா விண்மீன் குழுவில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மங்கலான ஒளித்திட்டு. சுமார் கால் மணி நேர இடைவெளியில் இருவரும் அதைக் கண்டனர். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

விடியற்காலையை ஏன் நாட வேண்டும்? வால்மீன் சூரியனை நெருங்கும்போதுதான் ஒளி பெறுகிறது. அப்போது வானிலும் அது பெரும்பாலும் சூரியனை ஒட்டியே தென்படும். ஆகவே அந்தி மறைந்த மேற்கு அடிவானமும் வைகறைக்கு முந்தைய கிழக்கு அடிவானமுமே வேட்டைக்காரனின் வயல்கள். கிழக்கில் ஓர் இடர் உண்டு. காண்பது வால்மீன்தானா, தொலைதூர நெபுலாவா என்று அறிய, அது விண்மீன்களிடையே நகர்கிறதா எனக் காத்திருந்து பார்க்க வேண்டும். வெளுக்கும் வானமோ காத்திருக்க விடாது. இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பவே பிரெஞ்சு வானியலாளர் மெசியே போலி ஒளித்திட்டுகளைப் பட்டியலிட்டார். இன்று அவர் கண்ட வால்மீன்களைவிட, அவர் ஒதுக்கச் சொன்ன அந்தப் பட்டியலே பெயர்பெற்று நிற்கிறது!

இகேயாவுக்கு இது முதல் வெற்றியன்று. 1963 சனவரியில், 19 வயதில், தானே செய்த தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டிருந்தார். செகியும் 1961இலேயே ஒன்றைக் கண்டவர். முதலில் கண்டவரின் பெயரையே வால்மீனுக்கு இடுவது மரபு. பட்டமோ பதவியோ இல்லாத தொழிலாளிக்கு வானில் பெயர் பொறிக்க இருந்த ஒரே வழி அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கால் மணி நேரத்தில் பறிபோகவும் கூடிய பெயர் அது. ஆயினும் தனித்தனியே கண்டவர்களுக்கு அதில் பங்குண்டு என்பதால் இருவர் பெயரும் இணைந்து ‘இகேயா-செகி’ ஆயிற்று.

அக்டோபர் 21 அன்று அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து சுமார் 4,50,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றிச் சென்றது. சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு நண்பகலிலேயே மக்கள் அதைப் பார்த்தார்கள். வெப்பமும் ஈர்ப்பும் தாளாமல் அது மூன்றாகப் பிளந்தது. அதுவே முன்பு உடைந்த ஒரு பெரிய வால்மீனின் சிதறல்தான். 1882ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வால்மீனும் அதே குடும்பம். கிராய்ட்ஸ் குடும்பம் என்பார்கள்.

1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் படங்களில் இதுவரை 5,000க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை அதே குடும்பத்துச் சிறு துணுக்குகள். கண்டவர்களில் பலர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அமெச்சூர்கள். அவர்கள் குளிரில் நிற்கவில்லை, விடியலுக்கும் அஞ்சவில்லை. தானியங்கித் தொலைநோக்கிகள் எஞ்சிய வானத்தை இரவுதோறும் வாரிவிடுகின்றன. கண்ணால் தேடுபவருக்கு மிச்சமிருப்பது, அவை எளிதில் எட்டாத சூரியனோரத்து விளிம்புதான்.

இகேயா அந்த விளிம்பை விடவில்லை. 2002இல் சீனாவின் ஜாங் என்பவரோடு ஒரு வால்மீனைப் பகிர்ந்துகொண்டார். அது 1661இல் ஹெவேலியஸ் நோக்கியதன் மறுவருகை என்று பின்னர் தெரிந்தது. 2010 நவம்பர் 3 அன்று, விடியலுக்கு முன் மீண்டும் ஒன்று சிக்கியது. இம்முறை பெயரைப் பகிர்ந்தவர் முராகாமி.