வோலா கல்லறைத் தோட்டத்துத் தேவாலயம்

வரலாறு கற்பிக்கும் நாம் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் பற்றி மிகுதியாகப் பேசுகிறோம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறோம். போலந்தின் தலைநகராகிய வார்சாவின் மேற்கே, வோலா என்னும் பகுதியில் மரபுவழித் திருச்சபையினரின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதன் நடுவில் நிற்கும் சிறு தேவாலயத்தின் கதை, நூல்களில் நாம் படிக்கும் பல போர்களைக் காட்டிலும் மிகுதியாகக் கற்பிக்க வல்லது.

போலந்து மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் தலைநகரில் கீழைக் கிறித்தவராகிய மரபுவழியினர்க்கு இடம் வந்தது ஆட்சியால். 1815ஆம் ஆண்டில் வார்சா உருசியப் பேரரசின் கைப்பட்டது. 1830இல் போலந்தியர் கிளர்ந்தெழுந்தனர். 1831 செப்டம்பர் 6ஆம் நாள், வோலாவின் புனித லாரன்சு தேவாலயத்தை அரணாகக் கொண்டு போரிட்டு மாண்டார் தளபதி சொவின்ஸ்கி; முன்னரே ஒரு காலை இழந்து மரக்காலுடன் நின்ற வீரர் அவர். வென்ற உருசியர் அத்தேவாலயத்தையே தம் சமயத்திற்கு மாற்றிக்கொண்டனர். அதனைச் சுற்றி 1841இல் கல்லறைத் தோட்டமும் எழுந்தது. தளபதியர்க்கும் குருமார்க்கும் ஒரு பகுதி, வணிகர்க்கு ஒரு பகுதி, ஏழையர்க்குக் கடைசிப் பகுதி என நிலம் பகுக்கப்பட்டது. மண்ணுக்குள் சென்ற பின்னும் மனிதன் தரவரிசையை விடுவதில்லை போலும்!

இத்தோட்டத்தில் 1903இல் புதிய தேவாலயம் ஒன்றுக்குப் பணி தொடங்கியது. அதற்குக் காரணம் பேரரசன் ஆணையன்று. ஒரு தந்தையின் துயரம். பேராயர் இயெரோனிமின் மகன் இவான் 1902இல் இறந்தான். மகனை அடக்கம் செய்யவும் அவன் நினைவைப் போற்றவும் பேராயர் இதனைக் கட்டுவித்தார். மகன் பெயர் கொண்ட புனிதர், சீனாய் மலைத் துறவி யோவான் கிளிமாக்குஸ், இதற்குக் காவலரானார். கிளிமாக்குஸ் என்பது ஏணி என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. விண்ணேறும் ஏணியைப் பற்றி நூல் எழுதியவர் அப்புனிதர். மகனை இழந்தவர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திருக்குமா? 1905இல் தேவாலயம் திருநிலை பெற்றது. அவ்வாண்டே பேராயரும் மறைந்தார்.

அதே காலத்தில் நகரின் நடுவே, சாக்சன் சதுக்கத்தில், அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயம் வளர்ந்துகொண்டிருந்தது. 1894இல் தொடங்கி 1912இல் முடிந்த அதன் மணிக்கோபுரம் 70 மீட்டர் உயரம். போலந்தியர்க்கு அது வழிபாட்டிடமாகத் தோன்றவில்லை; தம் கழுத்தின்மேல் வைத்த காலாகவே தோன்றியது. 1915இல் உருசியர் நகரைவிட்டு வெளியேறினர். 1918இல் நாடு விடுதலை பெற்றது. 1924 முதல் 1926 வரை பேராலயம் இடித்துத் தள்ளப்பட்டது. மரபுவழியைச் சேர்ந்த போக்டனோவிச் என்னும் உறுப்பினர் செனட் அவையில் அதற்காக வாதாடியும் பயனில்லை. இடித்தது பிழையென ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க யான் துணியேன். அடிமைப்பட்ட நாட்டில் வாழ்ந்தோர்க்கு அக்கோபுரம் எவ்வாறு காட்சியளித்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். ஆயினும் ஆட்சியில் பங்கேதுமில்லாத எளிய அடியவர்களும் அன்று தம் ஆலயத்தை இழந்தனர்.

நகரத்து மரபுவழி ஆலயங்களுட் பல இடிந்தன. சில பிறர் கைக்கு மாறின. புனித லாரன்சு தேவாலயமும் கத்தோலிக்கரிடம் திரும்பியது, அது நேர்மையே. தனிக் கட்டடமாக எஞ்சியவை, விஸ்துலா ஆற்றின் அக்கரையிலுள்ள மேரி மக்தலேனாள் ஆலயமும் வோலாவின் இத்தேவாலயமுமே. மிடுக்கின்றி இறந்தோரிடையே ஒதுங்கி நின்றமையே இதற்குக் காப்பாயிற்று என்பது என் கருத்து. சோவியத்து ஆட்சிக்கு அஞ்சி ஓடிவந்த உருசியரும் உக்ரேனியரும் ஜார்ஜியரும் ஈண்டே வழிபட்டனர். பலர் ஈண்டே அடங்கினர்.

1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் ஜெர்மானியரை எதிர்த்தெழுந்தபோது, வோலாவில் சில நாட்களில் பல்லாயிரவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இப்பங்கின் குருமாரும், இதன் காப்பிலிருந்த அநாதைக் குழந்தைகளும் அவருள் அடங்குவர். துப்பாக்கி முனையில் போலந்தியர், உருசியர் என்ற பிரிவு இல்லாதொழிந்தது. போருக்குப் பின் தேவாலயம் செப்பனிடப்பட்டது. இன்றும் அது வோலா பங்கின் ஆலயமே. அதன் கீழ்த்தளத்தில் தந்தையும் மகனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.