ஒலிநாடாவிலிருந்து தொடுதிரை வரை: கல்முனைக் கரையோரப் பாடல்களின் சேகர வரலாறு

ஒரு சமூகம் தன் பாடல்களை எவ்வாறு பாடியது என்பதை ஆராய்ந்தோர் பலர். அப்பாடல்களை அது எவ்வாறு சேர்த்து வைத்தது, எந்த ஒழுங்கில் அடுக்கியது, வேண்டியபோது எவ்வாறு தேடி எடுத்தது என்பவற்றை ஆராய்ந்தோர் சிலரே. பாடல் நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் இந்த அடுக்கு முறையிலேயே தங்கியுள்ளன. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களை, சிறப்பாகக் கல்முனையை, மனத்திற் கொண்டு இதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எக்கருவியும் வருமுன்னர் இக்கரையின் பாடல்களுக்கு நினைவே பெட்டகமாயிருந்தது. வயலிற் பாடுங் கவி, தொட்டிலருகே தாலாட்டு, கோலோடு கோல் மோதும் பொல்லடிப் பாடல், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களிற் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடும் பைத் என அவை பலவாகும். இவற்றை இயற்றியவர் யார் என்று எவரும் வினவியதில்லை. எந்த வேளையில், எந்த வினையின்போது, யார் முன்னிலையிற் பாடுவது என்பதே அவற்றின் வரிசை முறையாக இருந்தது. வேளை வந்ததும் பாட்டு வந்தது.

இவ்வொழுங்கை முதலில் மாற்றியது வானொலியாகும். கொழும்பில் 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்து, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. வானொலியில் நேர அட்டவணையே பாடலைத் தீர்மானித்தது. முஸ்லிம் நிகழ்ச்சிக்குரிய நேரத்தில் இஸ்லாமிய கீதங்கள் ஒலிக்கும்; நேரம் தவறினாற் பாடலும் தவறும். கேட்போன் காத்திருந்தான், தேர்ந்தெடுக்கும் உரிமை அவனிடம் இருக்கவில்லை.

அவ்வுரிமையை அவனுக்கு அளித்தது ஒலிநாடாவாகும். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட சிறு கசெற், எழுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் அரபு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோரின் பெட்டிகளோடு கிழக்கிலங்கையின் வீடுகளிற் புகுந்தது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் விரும்பிய நேரமெல்லாம் ஒலித்தது. கடிதம் எழுதத் தெரியாதோர் தம் குரலையே நாடாவிற் பதிந்து கடல் கடந்து அனுப்பினர். பக்கத்துக்கு முப்பது நிமிடமாக இரு பக்கங்கள். ஏறத்தாழப் பதினைந்து பாடல்கள். உறையின்மேற் பேனாவால் எழுதிய சில வரிகள். அக்கையெழுத்தே அந்நாடாவின் பட்டியல். அதில் வீட்டார் தமக்கு வேண்டிய எதையும் எழுதலாம். 'உம்மாவின் குரல்' என்று எழுதினும் அது பட்டியலேயாகும்.

அடுத்து வந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறைக்கு எம்பி3 என்னும் கோப்புப் பெயர் 1995 இல் நிலைத்தது. மறு ஆண்டில், கோப்பின் இறுதியில் 128 பைற் அளவுள்ள ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கும் ஐடி3 என்னும் முறை தோன்றியது. தலைப்புக்கு 30 இடம், பாடகருக்கு 30, இசைத்தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புரைக்கு 30, இசைவகைக்கு ஓர் எண் என அது வகுக்கப்பட்டிருந்தது. இவ்விடங்கள் இலத்தீன் எழுத்துக்களுக்கென்றே அமைக்கப்பட்டவை. இசைவகைகளாக முதலில் எண்பது பெயர்கள் குறிக்கப்பட்டன. மேனாட்டு நடன இசையின் கிளைகள் பல அவற்றில் இடம்பெற்றன. நாட்டார் பாடல் என்னும் வகையோ பின்னர் விரித்த பட்டியலிலேதான் சேர்ந்தது. ஒருங்குறி எழுத்துக்களுக்கு இடந்தந்த இரண்டாம் ஐடி3 முறை 1998 இலேயே வந்தது. இசைத்தட்டு வணிகத்தின் அட்டவணை, உலகின் எல்லாப் பாடல்களுக்கும் உரிய அட்டவணையாக இவ்வாறு நிலைபெற்றது.

இவ்வட்டவணையைப் பொதுமக்களின் உள்ளங்கைக்குக் கொணர்ந்தவை தொடுதிரைத் தொலைபேசிகளாகும். 2007 யூன் மாதத்தில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதிற் பாடல்களை ஏற்றுவதற்கு ஐடியூன்ஸ் என்னும் மென்பொருள் கொண்ட கணினி வேண்டும். நினைவட்டை செருகும் வாயில் அதற்கில்லை. 2008 ஒக்டோபரில் நோக்கியா 5800 அறிவிக்கப்பட்டது. எழுதுகோல் போன்ற குச்சியாலும் விரலாலும் தொட்டு இயக்கத்தக்க அக்கருவியோடு 8 ஜிகாபைற் நினைவட்டையும் வழங்கப்பட்டது. சாதாரண அளவிற் சுருக்கிய பாடல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம், அதாவது நூறு கசெற்றுகளுக்கு மேற்பட்டவை, நகத்தளவான அவ்வட்டையில் அடங்கின. கணினி இல்லாதோர் கடையிற் கொடுத்து அட்டையிற் பாடல்களை ஏற்றிக்கொண்டனர்.

இக்கருவியினுள் இரு ஒழுங்குகள் இருந்தமை கவனிக்கத்தக்கது. கோப்பு முகாமைப் பகுதியில், பயனர் தாமே அமைத்த உறைகள் அவர் இட்ட பெயர்களோடு தோன்றும். இசைப் பகுதியிலோ அவ்வுறைகள் மறைந்துவிடும். கருவி கோப்புகளைத் துழாவி, ஐடி3 குறிப்பைப் படித்து, பாடகர், இசைத்தொகுப்பு, இசைவகை, இசையமைப்பாளர் எனத் தானே பிரித்து அடுக்கும். திரைப்பாடலுக்கு இது பொருந்தும். பாடகர் பெயரோ தொகுப்போ ஆண்டோ இல்லாத வயற்கவிக்கு இவ்வடுக்கில் இடமேது? எவர் பாடியதென்று குறிக்கப்படாத கோப்புகள் யாவும் 'அறியப்படாதவர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் குவிந்தன. அக்காலக் கருவிகள் பலவற்றில் தமிழெழுத்து வெற்றுப் பெட்டிகளாகவே தெரிந்தமையால், தமிழிற் பெயரிட்டோரும் பயன் பெறவில்லை. ஊரே அறிந்த ஒரு மூதாட்டியின் தாலாட்டு, கருவியின் கணக்கில் அறியப்படாதவரின் தாலாட்டாயிற்று.

ஆயினும் இக்கருவியைப் பழிப்பது நேர்மையாகாது. ஒலிப்பதிவு செய்யும் ஆற்றலை ஒவ்வொரு வீட்டுக்கும் அதுவே வழங்கியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களின் கரையோர வீடுகள் அழிந்தபோது, அவற்றினுள் இருந்த நாடாக்களும் நிழற்படங்களும் உடன் அழிந்தன. ஒரே பிரதியாக இருப்பது எளிதில் மாயும் என்பதை நம் கரை இவ்வாறு கற்றது. நொடியிற் பல பிரதி எடுக்கத்தக்க கோப்பு அவ்வகையில் ஒரு காப்பேயாகும். ஆனால் பெயரின்றிப் பெருகும் பிரதி குரலைக் காக்குமேயன்றிக் குரலுக்குரியவரைக் காவாது. நாளையும் எண்ணையும் மட்டுமே கருவி தானாகப் பெயராக இடுகின்றது; பாடியவர் மறைந்தபின் அவ்வெண் எவருக்கு என்ன கூறும்?

நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியமையால், அவற்றின் சொற்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. சொற்களை ஏட்டிற் காத்தது அவர்தம் தலைமுறை. ஓசையைக் காக்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு வாய்த்துள்ளது. அதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. மேசை அறைகளிற் கிடக்கும் பழைய தொலைபேசிகளையும் நினைவட்டைகளையும் திறந்து, ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர் பெயர், ஊர், பாடும் வேளை, பதிந்த ஆண்டு என்னும் நான்கையும் தமிழில் எழுதிச் சேர்த்தாற் போதும். இன்றைய கருவிகள் தமிழைத் தெளிவாகக் காட்டுகின்றன. எழுத்து இல்லை என்று இனி ஒருவரும் கூறவியலாது. எவ்வினைக்குரிய பாட்டு என்பதே நம் முன்னோர் கண்ட பகுப்பாதலின், குறிப்புரைக்கென விடப்பட்ட இடத்தில் அதனை எழுதுதல் தகும். இப்பணியை மாணவர் தத்தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நினைவட்டைகள் பழுதடையும், அதற்கு முன் அக்குரல்களை இன்னாருடையவை என்று இனங்காட்டவல்ல முதியோர் மறைந்துவிடுவர். அவர்களிடம் கேட்டறிய வேண்டிய காலம் இதுவே.