இறுகியது முடிந்ததல்ல

பேக்கலைட்டின் வரலாற்றை ஒரு தனிமனிதரின் சாதனையாகவே சொல்லிவருகிறார்கள். பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லாண்ட், 1907இல் அமெரிக்காவின் யாங்கர்ஸில், பீனாலையும் பார்மால்டிஹைடையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகவைத்தார். 1909இல் காப்புரிமை பெற்றார். கதை இவ்வளவுதானா? மின்சாரத் தொழிலுக்கு அப்போது மின்காப்பாகப் பயன்பட்டது அரக்கு. காலனிய இந்தியாவில், சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்த பூச்சியின் பிசின் அது. பேக்லாண்ட் தேடப் புறப்பட்டதே அதற்கொரு மாற்றைத்தான். அவர் பெயர் பொருளுக்கே பெயராயிற்று. சுரண்டியெடுத்த கைகள் கதையில் இல்லை.

இந்தப் பொருளின் சுபாவம் என்னவென்றால், ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகாது, கரையாது. கரைத்துப் பார்க்க முடியாததை எப்படி விசாரிப்பது? ஒரு வழியை மின்சாரமே காட்டிற்று. ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் கொண்ட மூலக்கூறுகள் மின்புலத்தில் திரும்ப முயல்கின்றன என்பதை பீட்டர் டிபை விளக்கினார்; அவருடைய நூல் 1929இல் வந்தது. இறுகிக்கொண்டிருக்கும் பிசினை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையில் வைத்து மாறுமின்னழுத்தம் கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் அயனிகள் தாராளமாக ஓடும், மூலக்கூறுகள் புலத்தோடு திரும்பும். பின்னல் நெருங்க நெருங்க ஓட்டம் குறையும், திரும்பல் பின்தங்கும். மின்சாரத்தைத் தடுக்கவென்று செய்த பொருளை, அது தடுக்காமல் விட்ட கொஞ்ச மின்சாரத்தை வைத்தே அறிகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த விஷயம். அளவுமானியின் கோடு மேலும் இறங்காமல் சமமாக நின்றதும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடக்கூடாது. வெப்பம் போதாமல் பிசின் கண்ணாடிபோல உறைந்துவிட்டாலும் கோடு அப்படித்தான் நிற்கும். உள்ளே வினை பாதியில் நிற்கிறது. இன்னும் சூடாக்கினால் அது மறுபடி தொடங்கும்.

செயற்கைப் பிசின் வந்தது, அரக்கு ஒழிந்தது என்பதும் இப்படியொரு அவசரத் தீர்ப்புதான். காப்புரிமைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1924இல், ராஞ்சிக்கருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கிராமபோன் தட்டுகள் 1950கள் வரை அரக்கில் வந்தன. ஜார்க்கண்டில் இன்றும் அரக்கு சுரண்டுகிறார்கள். தொழில்நுட்ப வரலாறுகள் இறுகிப்போன இடத்தில் நின்று எழுதப்படுகின்றன. அவற்றைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்ப்பது நம் வேலை.