நாலு காலிக் கதிரைகள்

குடியியல் பாடத்தில் 1931 வந்தால் பிள்ளைகள் ஒரு வரியை மனனம் செய்துவிடுவார்கள்: டொனமூர் அரசியலமைப்பு, சர்வசன வாக்குரிமை, ஆசியாவிலேயே முதல். பரீட்சைக்கு அது போதும். இருபத்தொரு வயதான ஆணும் பெண்ணும், படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், காணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்குப் போடலாம் என்று ஒரு குடியேற்ற நாட்டில் வந்தது சின்ன விஷயமில்லைத்தான். பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சரிசமமான வாக்குரிமை 1928இல்தான் கிடைத்தது. ஆனால் நான் படிப்பித்தது வடமராட்சியில். அந்த வருசம் எங்கள் பகுதியில் ஒருவரும் வாக்குப் போடவில்லை என்பதைச் சொல்லாமல் அந்த வரியைக் கடந்து போக எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

வாக்குப் போடாமல் செய்தவர்கள் அரசியல் அறியாத சனம் அல்ல. அன்றைய யாழ்ப்பாணத்தில் அரசியலை ஆகக் கருத்தாகப் படித்தவர்கள் அவர்கள்தான். 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் மாணவர் காங்கிரஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. கல்லூரிப் பெடியன்களும் இளம் ஆசிரியர்களும் கூடி, சாதி ஒழிய வேண்டும், தாய்மொழியில் படிப்பிக்க வேண்டும், தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒருவர் பிரேரிப்பார், ஒருவர் ஆமோதிப்பார், இன்னொருவர் எழும்பித் திருத்தம் கொண்டுவருவார், பிறகு வாக்கெடுப்பு. புத்தகத்தில் இல்லாத குடியியல் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் இவர்கள்தான்.

மேடையில் பேசியதோடு நிற்கவுமில்லை. அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை வகுப்புக்குள் வந்தாலும் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில்தான் இருக்க வேண்டும். சம ஆசனம், சம போசனம் என்பதை வாலிபர் காங்கிரஸ்காரர் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். மாநாட்டுக்கு வந்தால் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும். உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது ஊரில் சில பள்ளிக்கூடங்கள் எரிந்தன. கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைக்க ஒரு தீக்குச்சி போதும். அந்த நெருப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் என்ற மரியாதை எனக்கு இவர்களிடம் எப்போதும் உண்டு.

காந்தி வந்த அதே நவம்பரில்தான், அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவும் கொழும்பில் வந்து இறங்கியது. அதுவரை சட்டநிரூபண சபைக்கு வாக்குப் போடுவதற்கு எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வருமானமோ சொத்தோ இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஆணாக இருக்க வேண்டும். சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான் தேறினார்கள். ஆணைக்குழு அந்த வேலியைப் பிடுங்கி எறியச் சொன்னது. எல்லாருக்கும் வாக்குரிமை என்பதைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு முப்பது வயது என்று முதலில் சிபாரிசு செய்யப்பட்டிருந்தது. கடைசியில் அதுவும் இருபத்தொன்றாகக் குறைந்தது. இரண்டு லட்சம் அளவில் இருந்த வாக்காளர் தொகை பதினைந்து லட்சத்தைத் தாண்டியது.

வாலிபர் காங்கிரஸ் இதற்குப் பிறகும் ஏன் வேண்டாம் என்றது? தமிழருக்கு ஆசனம் குறைந்ததால் என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்ததை அவர்கள் வரவேற்றார்கள். அவர்கள் கேட்டது பூரண சுயராச்சியம். புதிய அமைப்பில் நிதியும் சட்டமும் பாதுகாப்பும் மூன்று பிரித்தானிய உத்தியோகத்தர்களின் கையில் இருந்தன. சபை எதைத் தீர்மானித்தாலும் தேசாதிபதிக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்தது. பாக்குநீரிணைக்கு அங்காலே உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. 1931 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்து கலந்துகொண்ட யாழ்ப்பாண மாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறியது.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பகிஷ்கரிப்பு என்றால் வாக்குச்சாவடி திறந்திருக்க, சனம் போகாமல் வீட்டில் இருந்தது என்றுதான் கேட்பவர்கள் எண்ணுவார்கள். வாக்குச்சாவடியே திறக்கவில்லை. தேர்தலில் நிற்க ஆயத்தமாக இருந்த பெரிய மனிதர்கள் இளைஞர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விலகினார்கள். சிலருக்கு வேறு கணக்குகளும் இருந்திருக்கலாம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளுக்கும் ஒரு நியமனப் பத்திரம்கூடத் தாக்கல் செய்யப்படவில்லை. வேட்பாளர் இல்லை, ஆகவே தேர்தல் இல்லை. ஐம்பது தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களுக்கென்று அமைந்த அரசாங்க சபையில் நாலு கதிரை காலி.

நியமனப் பத்திரம் கொடுக்காமல் விட்டவர்களுக்கு வாக்குரிமை புதிதல்ல. அது அவர்களுக்கு முந்தியே இருந்தது. புதிதாகக் கிடைத்தவர்கள் பெண்கள், கூலிக்கு உழைப்பவர்கள், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் வந்து போடவா, விடவா என்று ஒருவரும் கேட்கவில்லை. சம ஆசனத்துக்காக அடி வாங்கத் துணிந்தவர்களே, அதே ஆட்களின் முதல் வாக்கை அவர்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். வாலிபர் காங்கிரஸ் மீது எனக்குள்ள வழக்கு இது ஒன்றுதான்.

இதை வகுப்பில் விளங்கப்படுத்த நான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் வந்த ஒரு வருசம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லை. விசாரித்தால், விளையாட்டுப் போட்டி விஷயத்தில் கோபப்பட்ட நாலைந்து பெடியன்கள் மதிய இடைவேளையில் மாமரத்துக்குக் கீழே கூடி, “ஒருத்தரும் கேக்கக் கூடாது” என்று முடிவெடுத்திருந்தார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், எங்களட்ட ஆர் கேட்டது? நான் நிக்கிறதெண்டுதான் இருந்தனான்” என்றாள். பெடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு வேறு பாடம் எடுக்கவில்லை, 1931ஐத்தான் எடுத்தேன்.

தெற்கிலிருந்து வாழ்த்துகள் வந்தன. லண்டனில் இருந்த இடதுசாரி பிலிப் குணவர்த்தன மெச்சினார். ஆனால் தெற்கு அரசியல்வாதிகள் ஒருவரும் கூடச் சேர்ந்து விலகவில்லை, தேர்தலில் நின்றார்கள், வென்றார்கள். சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து ஏழு தலைவர்களைத் தெரிந்து, அவர்கள் அமைச்சர்களானார்கள். அதில் ஒரே தமிழர் மலையகத்து ஹற்றன் உறுப்பினர் பெரி சுந்தரம். வடக்கிலிருந்து மன்னார் – முல்லைத்தீவுத் தொகுதிக்கு மட்டும் தேர்தல் நடந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அங்கே போய் நின்று தோற்றதும் அந்த வருசம்தான்.

கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்களுக்கே பொறுமை போய்விட்டது. இடைத்தேர்தல் வையுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். விட்டுப் போனவர்களை உடனே கூப்பிட்டுக் கதிரை கொடுக்க அரசாங்கத்துக்கு அவசரமில்லை. 1934 வரை இழுபட்டது. அந்த இடைத்தேர்தல்களில் யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவாவும் காங்கேசன்துறைக்கு சு. நடேசனும் ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரையும் பருத்தித்துறைக்குப் பொன்னம்பலமும் வந்தார்கள். சபையில் பாதி ஆசனம் சிறுபான்மையினருக்கு வேண்டும் என்ற ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையைப் பிற்காலத்தில் நாடறியச் செய்த பொன்னம்பலத்தின் சபை வாழ்க்கை, சாதி மத இனம் பாராத ஒரு பகிஷ்கரிப்பு விட்டுச் சென்ற கதிரையில் தொடங்கியது.

என் அம்மம்மா முதல் வாக்கைப் போட்டது அந்த 1934இல். அப்போது வேட்பாளருக்கு ஒரு நிறம். அவரவர் நிறத்துப் பெட்டிக்குள் சீட்டைப் போடுவது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் நிறம் தெரியும்தானே. கிழடாகிப் பெயர்கள் எல்லாம் மறந்த காலத்திலும் பெட்டியின் நிறம் அவவுக்கு மறக்கவில்லை. பகிஷ்கரிப்பைப் பற்றிக் கேட்டால், “அது படிச்ச ஆக்களின்ர அலுவல், பிள்ளை. எங்களுக்குப் பிறகுதான் தெரியும்” என்பா. அதில் கோபம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். வாக்குப் போடப் போன நாளைப் பற்றி என்றால் நெடுக ஒரு கதை சொல்லுவா: புதுச் சேலை, மாட்டுவண்டிலில் ஐந்து பெண்கள், வழியில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்த ஆம்பிளைகள்.

பேரின்பநாயகம் ஆசிரியராகவே இருந்து, பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அதற்கு முன்னர், 1947 பொதுத் தேர்தலில், வட்டுக்கோட்டையில் சுயேச்சையாக நின்று சனத்திடம் வாக்குக் கேட்டார். சனம் வேறு ஒருவரைத் தெரிந்தெடுத்தது.