காட்சி மாறும் கணமும் நெற்றிமடலும்

ஒரு கண்ணுக்கு முகத்தையும் மறு கண்ணுக்கு வீட்டையும் ஒரே நேரத்தில் காட்டினால், இரண்டும் கலந்த உருவம் தெரியும் என்றே எதிர்பார்ப்போம். அப்படித் தெரிவதில்லை. சில விநாடிகள் முகம் மட்டும் தெரியும். பிறகு அதன் ஓரத்தில் வீட்டின் ஒரு துண்டு தலைகாட்டி, மெல்லப் பரவி, முகத்தை முழுதும் விழுங்கிவிடும். மீண்டும் சில விநாடிகளில் முகம் வரும். இத்தனைக்கும் விழித்திரையில் விழும் ஒளியில் எந்த மாற்றமும் இல்லை. சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் தம் ஸ்டீரியோஸ்கோப்பைக் கொண்டு விவரித்த இந்த இருவிழிப் போட்டி, நனவை ஆராய்வோருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. உள்ளே வருவது மாறாதிருக்க உணர்வது மட்டும் மாறுவதால், அப்போது மூளையில் எது மாறுகிறது என்று தேடலாம்.

ஆனால் கூடவே மாறுவதெல்லாம் மாற்றத்தின் காரணமாகிவிடாது. இந்த வேறுபாடு போதிய அளவு பேணப்படாததால்தான், காட்சி மாற்றத்தை நடத்திவைப்பது நெற்றிமடல் என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. போட்டி நடப்பதும் தீர்வதும் காட்சிப் புறணியிலேதான். நெற்றிமடலால் அதை ஒரு பக்கம் சாய்க்க முடியும், ஆனால் போட்டி அதை நம்பி நடக்கவில்லை என்பதே என் வாதம்.

குரங்குகளில் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த நிகோஸ் லோகோதெட்டிஸ் குழு 1990களில் கண்டது இது: காட்சிப் புறணியின் தொடக்கப் பகுதிகளில் குரங்கு எதைக் காண்கிறதோ அதற்கேற்ப மாறும் அணுக்கள் குறைவு, மேலே போகப் போக அவை கூடுகின்றன, பொட்டுமடலின் கீழ்ப்பகுதியில் பத்தில் ஒன்பது அணுக்கள் காட்சியோடு சேர்ந்தே மாறுகின்றன. அதாவது தீர்ப்பு ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை, படிப்படியாக உறுதிப்படுகிறது. வில்லெம் லெவெல்ட் 1965இல் வகுத்த விதிகளுள் ஒன்றும் இதற்கு அரண். ஒரு கண்ணின் படத்தை அழுத்தமாக்கினால், அந்தப் படம் தெரியும் நேரம் நீள்வதைவிட, எதிர்ப் படம் தெரியும் நேரமே பெரிதும் குறைகிறது. ஒன்றையொன்று அடக்கும் இரு அணுக்கூட்டங்கள், ஆள்வது களைத்ததும் இடம் மாறுகின்றன என்று கொண்டால் இது எளிதில் விளங்கும். மேலிருந்து ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் நெற்றிமடல் எங்கிருந்து வந்தது? 1998இல் எரிக் லூமர், கார்ல் ஃபிரிஸ்டன், ஜெரெயின்ட் ரீஸ் மூவரும் எம்.ஆர்.ஐ. வழியே, காட்சி மாறும் கணங்களில் நெற்றிமடலும் உச்சிமடலும் செயல்படுவதைக் காட்டினர். ஒப்பீட்டுக்காக அதே மாற்றங்களைத் திரையிலும் நிகழ்த்தினர். போட்டியின்போதுதான் செயல்பாடு மிகுந்திருந்தது. இதில் ஒரு குறை உண்டு. உண்மையான போட்டியில் மாற்றம் திரையில் போலச் சட்டென நிகழ்வதில்லை. இடைநிலைக் கலப்பு சற்று நீடிக்கும். 2011இல் தோமாஸ் நாபெனும் உடனாய்வாளர்களும் அந்த நீடிப்பையும் திரையில் ஒத்துக்காட்டியபோது வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிட்டது.

இதைவிட முக்கியமானது, பார்ப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொத்தானை அழுத்துகிறார் என்பது. அதற்கு அவர் தம்மையே கண்காணித்து, முடிவெடுத்து, விரலை அசைக்க வேண்டும். 2014இல் ஃபிரெஸ்லே குழு பொத்தானையே நீக்கியது. எதிரெதிர்த் திசையில் நகரும் கோடுகளை இரு கண்களுக்கும் காட்டினால், எந்தத் திசை தெரிகிறதோ அந்தத் திசையில் விழி மெல்ல நழுவும், பிறகு வெடுக்கென்று பின்னுக்குத் தாவும், மறுபடி நழுவும். காட்சி மாறியதும் நழுவலின் திசையும் மாறும். ஆகவே ஒருவர் எதைக் காண்கிறார் என்பதை அவர் சொல்லாமலே விழியிலிருந்து அறியலாம். அப்படி அறிந்தபோது நெற்றிமடலின் செயல்பாடு வெகுவாகக் குறைந்தது. பிடரிமடலிலும் உச்சிமடலிலும் அது நீடித்தது. அடுத்த ஆண்டு யான் பிராஸ்காம்ப் குழு, மாற்றம் நிகழ்ந்ததே பார்ப்பவருக்குப் புலப்படாத வகையில் படங்களை அமைத்தது. போட்டி தொடர்ந்தது, நெற்றி, உச்சி மடல்களில் குறிப்பிடத்தக்க செயல்பாடு இல்லை.

எதிர்ச் சான்றுகளையும் ஒதுக்க முடியாது. 2021இல் வைல்ன்ஹாமர் குழு காந்தத் தூண்டலால் நெற்றிமடலின் கீழ்ப்பகுதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோது மாற்றங்கள் குறைந்தன. அறிவிப்பே கேட்கப்படாத குரங்குகளிலும் முன்நெற்றிப் புறணியின் அணுக்களிலிருந்து காணும் காட்சியைக் கண்டறிய முடிவதாக 2022இல் விஷால் கபூர் குழு காட்டியது. எனவே அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்போரும் தவறுகின்றனர். ஆயினும் குறைவது வேறு, நிற்பது வேறு. காட்சியின் செய்தி ஓரிடத்தில் கிடைப்பதால் அது அங்கே முடிவானதாக ஆகாது.

இருபொருள் உருவங்களை இதே கணக்கில் சேர்ப்பதும் குழப்பம் தருகிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் சிற்பத்தில் ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொதுவாக நிற்கிறது. எந்த உடலோடு சேர்த்துப் பார்க்கிறோமோ அந்த விலங்கு தெரியும், விரும்பினால் மாற்றலாம். இங்கே கவனத்தின் பங்கு பெரிது. நெற்றிமடல் சிதைந்தோர் இத்தகைய படங்களை மாற்றிக் காணத் தடுமாறுவதாகப் பதிவு உண்டு. ஆனால் நெற்றிமடலின் இருபுறத் தொடர்புகளும் அறுவையில் துண்டிக்கப்பட்ட ஒருவரின் இருவிழிப் போட்டி இயல்பாகவே இருந்ததாக 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரே ஒருவர்தான், இருந்தும் இந்த விவாதத்தில் அவருக்குரிய இடம் தரப்படவில்லை.

குரங்கின் முன்நெற்றிப் புறணியை இருபுறமும் குளிர்வித்து அடக்கிவிட்டு, விழி நழுவலை மட்டும் பதிவுசெய்யும் சோதனை இதைத் தீர்க்கக்கூடும். மேலே சொன்ன வாதம் சரியென்றால், ஒவ்வொரு காட்சியும் நீடிக்கும் நேரம் கூடும், ஆனால் மாறிமாறி வருவது ஓயாது. ஓய்ந்துவிட்டால் இந்த வாதத்தைக் கைவிட வேண்டியதுதான்.