பாவனை நோயாளி

மருத்துவ மாணவர்கள் விசாரித்துப் பழகுவதற்காக நோயாளிபோல நடிப்பவர் பாவனை நோயாளி. அப்படிப் பேசும் கணினி நிரலும் இன்று இதில் அடங்கும்.

கொல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கிய மறு ஆண்டான 1836இல், மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறி அங்கே மனித உடலை அறுத்தார். உடற்கூறு படிக்கப் பிணம் கிடைத்தது. ஆனால் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துப் பழக வார்டை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், கலை வகுப்புகளுக்கு மாடலாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கவைத்தார். கேலி செய்தவர்களே அதிகம்.

வங்காளத்தில் இம்முறை பேசப்பட்டது கல்லூரிக்கு வெளியே. கொல்கத்தாவின் கல்லீரல் மருத்துவர் அபிஜித் சௌத்ரியும், பின்னர் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, ஜிஷ்ணு தாஸ் முதலியோரும் பீர்பூம் மாவட்டத்தில் பட்டமின்றி வைத்தியம் பார்க்கும் 304 பேரை ஆய்வுக்கு எடுத்தனர். குலுக்கலில் தேர்வான பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்தில் 72 வகுப்புகள். பிறகு, பயிற்சி பெற்ற நடிகர்கள் சாதாரண நோயாளிகளாக அவர்களிடம் போனார்கள்: ஒருவருக்கு நெஞ்சுவலி, ஒருவருக்கு மூச்சிரைப்பு, இன்னொருவர் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. சரியாகக் கையாண்டவர்களின் விகிதம் 7.9 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. தேவையற்ற மருந்து எழுதும் வழக்கமோ அசையவில்லை. அதே சோதனையில் அரசு மருத்துவர்கள் இவர்களைவிட அதிகமாகவே தேவையற்ற மருந்து எழுதினர் என்பது சங்கடமான சேதி. மருத்துவர் உண்மையில் என்ன செய்வார் என்பது வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தெரியவராது. அங்கே எல்லோரும் சரியாகத்தான் பதில் சொல்வார்கள்.

கணினி நோயாளியும் புதிதல்ல. ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி 1972இல் ‘பாரி’ என்ற நிரலை எழுதினார். எவரையும் சந்தேகிக்கும் நோயாளியாக அது பேசும். உரையாடலை வாசித்த மனநல மருத்துவர்களால் மனிதர் எது, நிரல் எது என்று பிரிக்க முடியவில்லை. அதே ஆண்டு, மருத்துவர்போலப் பேசும் ‘எலிசா’வோடு அதைக் கணினி வலையில் பேசவும் விட்டார்கள்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் வேலை சுலபமாயிற்று. நோய் விவரத்தை ரகசியக் குறிப்பாகக் கொடுத்து, கேட்டால் மட்டும் சொல் என்று பணித்தால் போதும்; வங்க மொழியிலோ தமிழிலோ நள்ளிரவிலும் மாணவரோடு பேசும். ஆனால் அது அளவுக்கு மீறி ஒத்துழைக்கிறது. நிஜ நோயாளிகள் அப்படியல்ல. மாரடைப்போடு வருகிற கொல்கத்தாக்காரர் ‘கேஸ்’ என்பார், நம்மூரில் ‘வாய்வு’ என்பார்கள். குடிப்பதையும் நிறுத்திய மாத்திரையையும் மறைப்பார்கள். அந்த மழுப்பலை ஆசிரியர்தான் குறிப்பில் எழுதித்தர வேண்டும். நாடி பார்க்கவும் வயிற்றை அழுத்திப் பார்க்கவும் இன்னும் வார்டுக்குத்தான் போகவேண்டும்.